நாற்பதாயிரம் படங்களும் ஒரு பெரியம்மாவும்

இந்தக் குறிப்பு ரிச்சர்ட்ஸ் டவுன்வாசிகளுக்கு. ரிச்சர்ட்ஸ் பார்க்கை ஒட்டிய பழைய பங்களாவிலோ, அந்தப் பங்களாவை இடித்துவிட்டு எழுப்பிய அப்பார்ட்மென்ட்டின் மூன்றாம் மாடியிலோ, மொத்தக் குடும்பத்துக்கும் பொதுவான நாற்பதாயிரம் படங்களோடு தனியாக மாட்டிக்கொண்டவருக்கு. இந்தப் பொறுப்புக்கு நீங்கள் விண்ணப்பிக்கவில்லை. "நீதான் கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறியே" என்றார் பெரியம்மா. நீங்கள் வங்கியில் வேலை பார்க்கிறீர்கள். வங்கியில் கம்ப்யூட்டர் இருக்கிறது. தகுதி அவ்வளவுதான்.

முதல் வேலை, சரக்கைத் திரட்டுவது. படங்கள் இருக்கக்கூடிய இடங்கள்: இரும்பு பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில், ஊசி நூல் போட்டு வைத்த பிஸ்கட் டின்னில், கல்யாண வீடியோக்காரர் கொடுத்த, இப்போது எந்த லேப்டாப்பிலும் நுழைய வாசல் இல்லாத சிடியில், சார்ஜர் தொலைந்துபோன கேமராவின் வயிற்றில், டொரன்டோ அண்ணனின் ஹார்ட் டிஸ்க்கில். அண்ணன் "வீக்கெண்ட் அனுப்புறேன்" என்று சொல்லியிருப்பார். எந்த வீக்கெண்ட் என்று கேட்பது மரியாதை ஆகாது.

பிளாஸ்டிக் தாளைத் தூக்கி, பசை தடவிய அட்டையில் படத்தை ஒட்டும் ஆல்பம் எண்பதுகளில் எல்லோர் வீட்டிலும் வாங்கினார்கள். உங்கள் வீட்டிலும் இருக்கும். அதிலிருந்து படத்தை நகத்தால் பெயர்க்காதீர்கள். அந்தப் பசை வருடக்கணக்கில் இறுகி, படத்தின் முதுகைத் தன்னோடு வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் உங்களிடம் தரும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு, ரம்பம் போல மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட தாத்தா படத்தை எக்காரணம் கொண்டும் உரிக்கக் கூடாது. சட்டத்தைக் கொஞ்சம் சாய்த்து, வெளிச்சம் அடிக்காமல், கண்ணாடி வழியாகவே படம் பிடியுங்கள். தாத்தா நெற்றியில் இருக்கும் சந்தனப் பொட்டு கண்ணாடியின் மேல் வைத்தது. அதைத் துடைத்துவிட்டு எடுப்பதா, பொட்டோடு எடுப்பதா என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். குடும்பம் கூடட்டும்.

அதே அளவில் மறுபடி பிரிண்ட் போட 300 டிபிஐ போதும்; பெரிதாக்க நினைத்தால் 600. எச்.ஏ.எல்.லில் ஓய்வுபெற்ற மாமா பின்னால் நின்றுகொண்டு "1200 வை, இன்னும் ஷார்ப்பா வரும்" என்பார். டிபிஐயை இரட்டித்தால் ஃபைல் நான்கு மடங்காகும், படத்தில் இல்லாத மூக்கு புதிதாக முளைக்காது. இதை மாமாவிடம் விளக்க வேண்டாம். 1200 என்று சொல்லிவிட்டு 600 வையுங்கள்.

அடுத்து மென்பொருள். மாமாவின் கம்ப்யூட்டரில் பிகாசா இருக்கிறது. 2004-இல் கூகுள் வாங்கி, இலவசமாக எல்லோருக்கும் கொடுத்து, எல்லோரும் நன்றாகப் பழகிய பிறகு 2016 மார்ச்சில் கைவிட்ட மென்பொருள். இதைச் சொன்னால் மாமா, "நிறுத்திட்டானா? நேத்துகூட ஓடிச்சே" என்பார். ஓடும். ஏற்கெனவே போட்டு வைத்திருந்தால் இன்றும் ஓடும். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். நீங்கள் செய்த திருத்தங்களையும் அடையாளம் காட்டிய முகங்களையும் பற்றிய விவரத்தைப் பிகாசா ஒவ்வொரு ஃபோல்டரிலும் மறைவாக இருக்கும் ஒரு சின்ன ஐஎன்ஐ ஃபைலில் எழுதி வைக்கிறது. திருத்திச் சேமித்த படங்களின் அசல் பிரதிகளும் இன்னொரு மறைவான ஃபோல்டரில்தான் கிடக்கும். "தேவையில்லாத ஃபைலையெல்லாம் கிளீன் பண்ணேன்" என்று ஒருநாள் மாமா பெருமையாகச் சொன்னால், உட்கார்ந்துகொண்டு கேளுங்கள்.

மாற்று என்ன? கூகுள் ஃபோட்டோஸ் 2015 மே மாதம் வந்தது. கொஞ்சம் சுருக்கிய படமானால் எத்தனை வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள் என்றது. எல்லோரும் வைத்தோம். 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்கள், ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்து உள்ள 15 ஜிபி கணக்கில் வரும் என்றார்கள். டிஜிகேம் என்று ஒரு மென்பொருள் உண்டு, முழுக்க இலவசம். பெயர், குறிப்பு எல்லாவற்றையும் படத்துக்குள்ளேயே எழுதி வைக்கக்கூடியது என்பதால் நாளை வேறு மென்பொருளுக்குக் குடிபோனாலும் கூடவே வரும். என் வாக்கு இதற்குத்தான். ஆனால் அதன் மெனுவைப் பார்த்த பெரியப்பா பையன் "இது என்ன ஏரோபிளேனா?" என்று கேட்டான். லைட்ரூம் என்று இன்னொரு மென்பொருள், அதற்கு மாதச் சந்தா. இதைப் பெரியம்மாவுக்குப் புரியவைக்க, சீட்டுக் கட்டுவது மாதிரி மாதாமாதம் என்று சொல்லிவிடாதீர்கள். "சரி, நாம எப்ப சீட்டு எடுப்போம்?" என்பார். பதில் கிடையாது.

இனி தேதி. ஒவ்வொரு டிஜிட்டல் படத்துக்குள்ளும் கேமரா ஒரு துண்டுச்சீட்டு வைக்கிறது: எந்த நாள், எத்தனை மணி, எந்த லென்ஸ். எக்ஸிஃப் என்பார்கள். மென்பொருள் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும். பேட்டரி சுத்தமாகத் தீர்ந்த கேமரா, கடிகாரத்தை மறந்து ஏதோ ஒரு ஜனவரி முதல் தேதிக்குப் போய்விடும் என்பது அதற்குத் தெரியாது. அதனால் உங்கள் குடும்பத்தில் ஒரே ஜனவரி 1-ஆம் தேதியில் மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு கருமாதி நடந்திருக்கும்.

இதைவிடச் சிக்கல் டொரன்டோ அண்ணனின் கேமரா. தை மாதக் கல்யாணத்துக்கு வந்தவர் கடிகாரத்தை மாற்றவில்லை. குளிர்காலத்தில் டொரன்டோ நமக்குப் பத்தரை மணி நேரம் பின்தங்கியது. நம் ஊர் வழக்கப்படி முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை ஏழு மணிக்கு முகூர்த்தம். அண்ணன் கேமராவில் அந்த முகூர்த்தம் முதல் நாள் இரவு எட்டரை. ஆக, ரிசப்ஷனில் ஆர்கெஸ்ட்ரா பாடிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை வேறு உடையில் ஓடிவந்து தாலி கட்டிவிட்டு, மறுபடி கோட்டு மாட்டிக்கொண்டு பிரியாணி வரிசைக்குப் போகிறார். பெண் வீட்டார் பார்த்தால் கேள்வி வரும். அந்தக் கேமராவின் படங்களை மட்டும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்துப் பத்தரை மணி நேரம் முன்னே தள்ளுங்கள். நல்ல மென்பொருள் எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு.

வாட்ஸ்அப்பில் படமாக வந்தவற்றுக்கு இதுகூட முடியாது. அது படத்தைச் சுருக்கும்போதே துண்டுச்சீட்டைக் கிழித்துப் போட்டுவிடும். ஃபைல் பெயரில் உள்ள தேதி, படம் உங்களுக்கு வந்து சேர்ந்த தேதி. பாட்டி 1962-இல் எடுத்துக்கொண்ட படம், போன பொங்கலன்று, கேஜிஎஃப் சித்தப்பா அனுப்பிய குட் மார்னிங் ரோஜாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். சித்தப்பா தனி ஆள் இல்லை. இந்தியர்களின் ஃபோன்கள் குட் மார்னிங்குகளால் அடைத்துக்கொள்வதைக் கண்டு, அவற்றை இனம்கண்டு கூண்டோடு அழிக்கும் வசதியை 2017 கடைசியில் வெளியிட்ட தன் ஃபைல்ஸ் கோ செயலியில் சேர்த்தது கூகுள். நீங்களும் அழிக்கலாம். சித்தப்பாவிடம் சொல்லாதீர்கள். இனிமேல் யாரிடமாவது அசல் படம் வாங்கும்போது "டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்று கேளுங்கள். அப்போது சுருக்காமல் அப்படியே வரும்.

பழைய ஸ்டூடியோ படங்களுக்குத் தேதி கண்டுபிடிக்க அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை இருக்கலாம். 1910-இல் தொடங்கிய ஜி.கே. வேல் முத்திரை என்றால், பாட்டி அதற்கு முன்னால் எடுத்துக்கொண்டதில்லை என்பதாவது உறுதி.

இப்போது முகங்கள். நான் பார்த்தவரை குடும்பங்கள் இங்கேதான் உடைகின்றன.

மென்பொருள் இரண்டு முகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே ஆளா, வேறு வேறா என்று கேட்கும். ஒன்று பெரியம்மா, இன்னொன்று பெரியம்மாவின் தங்கை. பெரியம்மா பக்கத்தில் இருக்கும்போது இந்தத் திரையைத் திறக்கவே கூடாது. "நான் இவ மாதிரியா இருக்கேன்?" என்பார். தங்கையைக் கேட்டாலும் அதே வாக்கியம், இன்னும் கொஞ்சம் சத்தமாக. முருகன் காலண்டர், சிவாஜி நகர் பசிலிக்கா மாதா, தெருமுனை ராஜ்குமார் சிலை என்று எல்லா முகத்துக்கும் அது பெயர் கேட்கும். அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவரையும் கேட்கும், 2009 ஆகஸ்டுக்குப் பிறகு எடுத்த படமாக இருந்தால். அதற்கு முன் 18 ஆண்டுகள் அவரை மூடியே வைத்திருந்ததால் அந்தக் காலத்துப் படங்களில் பிரச்சினை இல்லை.

பெயரில் வரும் சிக்கலை இந்த மென்பொருள்களை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. ஒரு முகத்துக்கு ஒரு பெயர் என்பது அவர்கள் கணக்கு. நீங்கள் "பெரியம்மா" என்று போடுகிறீர்கள். ஆல்பத்தைத் திறக்கும் டொரன்டோ அண்ணனுக்கு அவர் அம்மா. மாமாவுக்கு அக்கா. மாமா பெண்ணுக்கு அத்தை. எதிர்வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துக்கு அவர் நாற்பது வருடமாக "ஆன்ட்டி". ஒரே பெண்மணி ஐந்து பேராகப் பிரிந்து, ஐந்து ஆல்பத்தில் இளமையாகவும் வயதாகியும் நிற்பார். சரி, சொந்தப் பெயரைப் போடலாம் என்றால் அது பாதிப் பேருக்குத் தெரியாது. ரேஷன் கார்டை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். "பாப்பா" என்று மூன்று பேர் இருப்பார்கள்: ஒரு பாப்பாவுக்கு வயது 7, இன்னொருவருக்கு 45, மூன்றாமவர் 81.

ரேஷன் கார்டுப் பெயர், கூடவே அப்பா அல்லது கணவர் பெயர் என்று போடுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரைக் குறிப்புக்கான இடத்தில் எழுதுங்கள். இது நிஜமான யோசனை, கிண்டல் இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் திட்ட உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடித்தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு வாய்க்காத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது: படத்தில் இருப்பவரே அடுத்த அறையில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பெரியம்மாவைப் பிடிக்க நல்ல நேரம் மாலை காபிக்கும் முதல் சீரியலுக்கும் இடைப்பட்டது. ஃபோனில் குரல் பதிவை ஓடவிட்டு, படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். வருடம் கேட்காதீர்கள். அவர் வருடத்தை அப்படி வைத்திருக்கவில்லை. "இது உங்க மாமா என் வளையலை அடகு வெக்க வாங்கிட்டுப் போனானே, அந்த தீபாவளி" என்பார். "இது பின்னி மில்லுல ஸ்டிரைக் நடந்தப்ப, வீட்ல அரிசி இல்லாம எல்லாரும் சிரிச்சுக்கிட்டு நிக்கிறோம்" என்பார். "இவன் யாருன்னு தெரியாது, ஆனா எல்லாக் கல்யாணத்துலயும் இருப்பான்." அவர் சொன்னதைச் சொன்னபடியே படத்தின் குறிப்பில் தட்டச்சு செய்யுங்கள், தேதியைப் பிறகு மாமாவிடம் அடகு ரசீது கேட்டுச் சரிபார்க்கலாம். பின்னாளில் தேடும் கட்டத்தில் "வளையல்" என்று போட்டால் எந்த மென்பொருளும் வளையல் தெரிகிற படங்களைத்தான் எடுத்து நீட்டும். உங்களுடையது மட்டும், வெறுங்கையோடு பெரியம்மா நிற்கும் படத்தை எடுத்துத் தரும்.

இடம் விஷயத்தில் அதிகம் நேரம் செலவழிக்க வேண்டாம். உங்கள் வீட்டுக் கேட்டில் நின்று எடுத்த படத்தை ஃபோன் ஃப்ரேசர் டவுன் என்கும், கொல்லைப்புறத்தில் எடுத்ததைக் காக்ஸ் டவுன் என்கும், மொட்டை மாடியை ஒருவேளை ரிச்சர்ட்ஸ் டவுனிலேயே வைக்கும். 1898 பிளேக்குக்குப் பிறகு நெருக்கடியிலிருந்து ஜனங்களை வெளியே குடியேற்ற வெள்ளைக்காரர்கள் கண்டோன்மென்ட்டைச் சுற்றி வரிசையாக டவுன் டவுனாகப் போட்டார்கள். எது எங்கே முடிகிறது என்று ஆட்டோக்காரருக்கே தகராறு. ஃப்ரேசர் டவுனின் அரசாங்கப் பெயர் புலிகேசி நகர். மேப் அதையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காட்டும். விட்டுவிடுங்கள்.

எடிட்டிங்கில் மாமா ஏற்கெனவே உங்களை முந்தியிருப்பார். பிகாசாவில் "ஐ ஆம் ஃபீலிங் லக்கி" என்று ஒரு பொத்தான் உண்டு. ஒரே அழுத்தில் வெளிச்சத்தையும் நிறத்தையும் தானே சரிசெய்யும். மாமா அதை எல்லாப் படத்துக்கும் அழுத்தியிருக்கிறார். அந்தி வெயிலில் எடுத்ததெல்லாம் நண்பகல் ஆகிவிட்டது.

பழைய படத்துக்கு வண்ணம் சேர்க்கச் சொல்லிப் பேரன் பேத்திகள் வருவார்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குள் நிறம் எங்கும் ஒளிந்துகொண்டிருக்கவில்லை, இருப்பது சாம்பலின் ஏற்ற இறக்கம் மட்டுமே. மென்பொருள் எண்ணற்ற வேறு படங்களைப் பார்த்துப் பழகிய பழக்கத்தில் ஊகிக்கிறது. பாட்டியின் அரக்குப் புடவையை நீலமாக்கிக் கொடுக்கும். "எங்கம்மா ஜென்மத்துல நீலம் கட்டினதில்ல" என்பார் பெரியம்மா. கையால் வண்ணம் தீட்டிய காலத்து ஸ்டூடியோக்காரராவது சேலை என்ன கலர் என்று கேட்டிருப்பார்.

ஆள் அழிக்கும் கோரிக்கை கட்டாயம் வரும். 2021-இல் கூகுள் தன் பிக்சல் ஃபோனில் மேஜிக் இரேசர் என்று ஒன்றைக் கொடுத்த பிறகு, எல்லாச் செயலியிலும் விரலால் தேய்த்தால் ஆள் மறைகிறார். பங்களாவை பில்டருக்குக் கொடுக்கும்போது கையெழுத்துப் போடாமல் கோர்ட்டுக்குப் போன சின்ன மாமாவை அழிக்கச் சொல்வார்கள். அழியும், அவர் நின்ற இடத்தில் குரோட்டன்ஸ் செடி வளரும். ஆனால் பக்கத்தில் நிற்கும் அத்தையின் தோள்மேல் அவருடைய நான்கு விரல்கள் மிச்சமிருக்கும். ஸ்டாலினின் ஆட்கள் இதைவிட நேர்த்தியாகச் செய்தார்கள். நம் ஊர்க்காரர் இல்லை, ரஷ்யாவில் இருந்தவர். மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் நின்ற உளவுத் துறைத் தலைவர் எஷோவ், 1940-இல் சுட்டுக்கொல்லப்பட்டார். படத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள்; அவர் இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். அவர்களுக்கு இருந்த நிம்மதி, எஷோவ் சமாதானமாகித் திரும்பி வரப்போவதில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனில் வழக்குகள் வாபஸ் ஆகும். சின்ன மாமா பேத்தி பெயர்சூட்டு விழாவுக்கு வந்து உட்கார்ந்து, "அந்த குரூப் ஃபோட்டோவைப் போடு" என்பார். ஆகவே அழிப்பதானால் நகலில் அழியுங்கள். அசலைத் தனி ஃபோல்டரில் வைத்து, அதற்கு "மின்சார பில்" என்று பெயரிடுங்கள். அதை யாரும் திறக்க மாட்டார்கள்.

பேக்கப்புக்கு பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய ஒரு சூத்திரம் உண்டு. 3-2-1: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். அந்த வேறு ஊருக்குக் கேஜிஎஃப் பொருத்தம். காரணம் சித்தப்பா அங்கே இருக்கிறார், அவர் எதையும் தூக்கிப் போட மாட்டார். தங்கச் சுரங்கத்தை 2001-இல் மூடியபோது கொடுத்த பையைக்கூட வைத்திருக்கிறார். அந்த ஊர் மின்சாரத்தைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால், சிவனசமுத்திரத்திலிருந்து கேஜிஎஃப்புக்குக் கரண்ட் போனது 1902-இல், பெங்களூருக்கு வந்தது 1905-இல் என்று சித்தப்பா நினைவூட்டுவார். கூகுள் ஃபோட்டோஸில் இருக்கிறதே, அதுவே பேக்கப் ஆகாதா என்றால், ஆகாது. பேக்கப் ஆன படத்தை ஃபோனிலிருக்கும் அந்தச் செயலியில் அழித்தால் மேகத்திலும் சேர்ந்து அழியும். குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும். அதற்குள் பெரியம்மா கேட்டால் தப்பித்தீர்கள். அவர் வழக்கமாக 61-ஆம் நாள் கேட்பார்.

பகிர்வதற்கு முன் ஒரு காரியம். இந்தச் செயலிகள் "நினைவுகள்" என்று இசை கோத்து, காலை ஆறு மணிக்குத் தாமாகவே பழைய படங்களைக் காட்டும். விவாகரத்தான மருமகன், இறந்துபோன நாய், இரண்டும் ஒரே பியானோ பின்னணியில் வரும். அமைப்புகளில் குறிப்பிட்ட ஆளையும் குறிப்பிட்ட தேதியையும் மறைக்கும் வசதி இருக்கிறது. மருமகனை மறைத்துவிடுங்கள். நாயை எதற்கும் கேட்டுவிட்டு.

லிங்க் அனுப்பினால் அது யார் கையில் போனாலும் திறக்கும். நீங்கள் மாமாவுக்கு அனுப்பியதை மாமா நடைப்பயிற்சிக் குழுவுக்கு அனுப்புவார். அதில் சின்ன மாமாவின் வக்கீலும் நடக்கிறார். ஆகவே ஆள் பெயர் சொல்லிப் பகிருங்கள், இருப்பிட விவரத்தை நீக்குங்கள், கருத்து எழுதும் வசதியை அணைத்துவிடுங்கள். அணைக்காமல் விட்ட ஒரு வீட்டில் பாட்டியின் கருமாதிப் படங்களுக்கு ஏழு கட்டைவிரல், இரண்டு இதயம், ஒரு "ஆல்வேஸ் யங்" வந்திருந்தன. அணைத்துவிட்டால் மட்டும் சும்மா இருந்துவிடுவார்களா என்ன? பிடித்த படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேலே சார்ஜ் 14 சதவீதம் என்று தெரிய, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு அங்கே எழுதுவார்கள். அவை இன்றைய தேதியில் உங்கள் ஃபோனில் வரிசையாக இறங்கும். இவற்றை மட்டும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். இரண்டே வாரத்தில் அதில் ஒன்றுதான் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, பெரியம்மா எட்டுக்குப் பத்து பிரிண்ட் கேட்பார், சார்ஜோடு சேர்த்து.